பாசியக்காவின் குதிகால்

அவளோடு தெருவில் நடந்துபோவது பெரிய தொல்லை. பேசிக்கொண்டே வருவாள், திடீரென்று பக்கத்தில் ஆள் இருக்காது. திரும்பிப் பார்த்தால் நாலடி பின்னால் யார் வீட்டு வாசற்படி ஓரத்திலாவது நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் பச்சைப் பாசியைப் பறபறவென்று தேய்த்துக்கொண்டிருப்பாள். “என்னக்கா, அவங்க கூப்பிட்டாங்களா, கூலி குடுத்தாங்களா?” என்று கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைக்கும். “சனியன் பிடிச்ச காலு, சும்மா இருக்குதா பாரு!” என்று காலைத் திட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள்.

தண்ணீர்த் தொட்டி கழுவுவது அவள் தொழில். மாடி மேலே நிற்கிற தொட்டி, தரைக்கடியில் இருக்கிற தொட்டி, பணக்காரர்களின் நீச்சல் குளம், மழைக்குப் பச்சை பிடித்த மாடிப்படி, எங்கே வழுக்குமோ அங்கே அவளுக்கு வேலை. இரும்பு ஏணியில் தொட்டிக்குள் இறங்கி, அடியில் நிற்கிற கலங்கலை மொண்டு மேலே கொடுத்து, சுவரைச் சுரண்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மருந்து தெளித்து, திரும்பவும் கழுவி, கடைசியாகத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் மேலே வருவாள். மேலே நின்று வாளியை வாங்கிக் கொட்டுகிற ஒல்லிப் பெண்ணுக்கு வாளி என்றே பெயர் நிலைத்துவிட்டது. இவளுக்குப் பாசியக்கா. யாரோ ஒரு காவல்காரர் கிண்டலுக்கு வைத்த பெயர். வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், பெயர் போகவில்லை. அவளும் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை.

தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு வயது இருபதுகூட ஆகவில்லை, தம்பி அரைக்கால் சட்டை போட்ட பயல். அந்தத் தொட்டிகளைச் சுரண்டித்தான் அவனைப் படிக்க வைத்தாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் “நேரமில்ல” என்பாள். நேரமாவது ஒன்றாவது! பெண் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் “தம்பிய என்ன பண்ணப்போற?” என்று கேட்டார்கள். “உங்கள என்ன பண்றதுன்னு முதல்ல பாக்கறேன்” என்று அனுப்பிவிட்டாள். அதுதான் விஷயம்.

இப்போது தம்பி குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிறான். அவன் மனைவிக்கும் வேலை. இன்னும் பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் குழந்தை. அந்த வீட்டின் பின்னறை பாசியக்காவுக்கு. அவள் வேலை விடியும்போதே தொடங்கி வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். அதற்குப் பிறகு குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியே அந்த வீட்டில் எழுந்ததில்லை. “அக்கா இருக்காங்க” என்பான் தம்பி. “அண்ணி இருக்காங்க” என்பாள் அவன் மனைவி. சினிமாவுக்குப் போக வேண்டுமா, அக்கா இருக்காங்க. ஆபீஸ் விருந்தா, அண்ணி இருக்காங்க. சுவரில் ஆணி இருக்கிறது, சட்டையை மாட்டிக்கொள்ளலாம் என்கிற மாதிரி.

சரி, கதைக்கு வருகிறேன். ஒரு நாள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், ஜன்னலுக்கு வெளியே நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அந்த வீட்டு அம்மாள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு தோட்டம். புல் இல்லை, பூ இல்லை. மரத்தடியெல்லாம் பாசி. மேடு பள்ளமெல்லாம் பச்சை மெத்தை விரித்தாற்போலப் பாசி. அதன்மேல் விழுந்த சருகுகளை ஒருவர் குனிந்து, சின்னத் துடைப்பத்தால், தூங்குகிற குழந்தையின் முகத்தில் ஈ ஓட்டுவது போல மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பாசியக்காவுக்கு முதலில் வந்தது கோபம். கையில் சுரண்டி, காலடியில் உதிர்ந்த பாசி, எதிரே பாசிக்குச் சேவகம் செய்கிற மனிதன்! “என்னம்மா இது, பாசிய வளக்கறாங்களா?” என்று ஜன்னல் வழியே கேட்டாள்.

“ஆமா. கியோட்டோவாம், ஜப்பான்ல. அந்தக் காலத்துத் தலைநகரம். அங்க ஒரு கோயில் தோட்டம் இது.”

“வழுக்கி விழ மாட்டாங்களா?”

“மேல யாரும் காலே வைக்கக் கூடாதாம்.”

அன்றைக்குச் சுவர் பாதியில் நின்றது. பாசியக்கா சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த நிகழ்ச்சி முடியும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் வாளியிடம் சொன்னாள்: “நான் அங்க போகப்போறேன்டி.”

“எங்க?”

“ஜப்பானுக்கு. பாசி பாக்க.”

வாளிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. “ஏன்க்கா, நம்ம ஊர்ப் பாசி உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு? மாடிக்கு வா, எத்தன வேணும்னாலும் காட்டறேன்!”

“நம்ம ஊர்ல என்னப் பாத்தா அது சாகுது. எனக்கு அது உயிரோட இருக்கறதப் பாக்கணும்” என்றாள் பாசியக்கா. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு ஆசை என்று அவளுக்கே தெரிந்தது.

வீட்டில் சொன்னபோதும் சிரிப்புதான். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும், தம்பிக்கும் அவன் மனைவிக்கும் உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. அவர்களும் நெடுநாளாக எங்காவது போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தானே. “தனியா எப்படிக்கா போவ? எல்லாருமே போவோம்” என்றான் தம்பி. அவன் செலவு அவனுக்கு, அவள் செலவு அவளுக்கு என்று முதலிலேயே பேசி முடித்தாள். யார் கையையும் எதிர்பார்க்கிற ஆள் இல்லை அவள்.

அவ்வளவுதான், திட்டம் அவள் கையை விட்டு நழுவ ஆரம்பித்தது. தம்பிக்கு அதிவேக ரயிலில் ஏற வேண்டும். அவன் மனைவிக்கு அந்த ஊர்ப் பட்டு அங்கியான கிமோனோவை வாடகைக்கு எடுத்து, ஒரு கோயிலில் வரிசையாக நிற்கிற சிவப்பு வாசல்களுக்கு நடுவே படம் பிடித்துக்கொள்ள வேண்டும். தங்கத் தகடு போர்த்திய கோயில், மூங்கில் காடு, தேநீர் சடங்கு என்று சாப்பாட்டு மேசையில் கியோட்டோ நாளுக்கு நாள் பெருத்தது. பாசித் தோட்டம் கடைசி நாளின் ஓரத்துக்குப் போய் ஒண்டிக்கொண்டது.

“அண்ணி, செர்ரிப் பூ பூக்கறப்ப போனா எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா?” என்றாள் தம்பி மனைவி.

“பூ உதிர்ந்து போயிடும். மழை பெய்யறப்ப போவோம். அப்பதான் பாசி நல்லா இருக்கும்.”

“மழையில யாராவது ஊர் சுத்துவாங்களா?”

“நான் சுத்துவேன்.”

அந்த ஒரு பிடியில் மட்டும் அவள் தளரவில்லை. தம்பிக்கும் அந்த ஊர் மழைக்காலத்தில்தான் விடுமுறை கிடைத்தது, அதனால் பிழைத்தாள்.

இதற்கிடையில் வாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். “அக்கா, உன் காலு சும்மா இருக்குமா? அவங்க காலங்காலமா வளத்த பாசிய நீ ஒரு நிமிஷத்துல தேய்ச்சுட்டு வந்துடுவ. பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க. நான் யாருக்கு வாளி தூக்கறது?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பாசியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷப் பழக்கம். அவள் தூங்கினாலும் அந்தக் குதிகால் தூங்காது. அதனால் ஒரு காரியம் செய்தாள். வீட்டுப் பின்பக்கம் குழாயடியில், தண்ணீர் சொட்டுகிற சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலம் பாசி பிடித்திருந்தது. வழக்கமாக இருந்தால் பிடித்த அன்றே போயிருக்கும். அதை விட்டுவைத்தாள். சுற்றி நாலு செங்கல்லை வைத்தாள். காலையும் மாலையும் அதன் பக்கமாகவே நடந்து, காலை அடக்கிப் பழகினாள். முதல் சில நாள் குதிகால் தானாகவே எழும்பியது. “வை கீழ” என்று அதட்டுவாள். கொஞ்சம் கொஞ்சமாக அது பேச்சுக் கேட்டது. பாசியும் வளர்ந்தது. கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் குட்டிக் குட்டி இலையும், அதன் நுனியில் நீர்ச்சொட்டுமாக ஒரு காடே இருந்தது. இத்தனை வருஷம் இதைப் பார்க்காமலே சுரண்டியிருக்கிறோமே என்று அவளுக்கு மனசு கனத்தது.

“அக்கா, குழந்தை வழுக்கி விழுந்துடப்போகுது, அதச் சுரண்டிடு” என்றான் தம்பி.

“செங்கல் வெச்சிருக்கேன்ல. உன் பொண்ணுக்குக் கண்ணு இருக்கு, உனக்குத்தான் இல்ல” என்றாள்.

நாள் நெருங்கியதும் மூன்று பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ட்ராவல்ஸ்காரரின் அலுவலகத்துக்குப் போனார்கள். சுவர் முழுக்க விமானப் படங்கள், மேசைமேல் சுழல்கிற பூமி உருண்டை. குழந்தை வந்த வேகத்தில் அந்த உருண்டையை ஒரு கை பார்த்தது. ட்ராவல்ஸ்காரர் சுறுசுறுப்பான மனிதர். ஓட்டல், ரயில், கிமோனோ எல்லாம் மளமளவென்று முடித்தார். கடைசியில் பாசித் தோட்டத்துக்கு வந்தார். தம்பி மனைவி அதற்குள் அந்தத் தோட்டத்தின் படங்களைப் பார்த்து மயங்கிப் போயிருந்தாள். “என்ன அமைதி பாருங்க! எல்லாத்தையும் விட இதுதான் எனக்கு முக்கியம்” என்று அவளே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். பாசியக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

“இங்க மட்டும் கொஞ்சம் சிக்கல்” என்றார் ட்ராவல்ஸ்காரர். “முன்னாடியே பதிவு பண்ணாதான் உள்ள போக முடியும். போனதும் நேராத் தோட்டத்துக்கு விட மாட்டாங்க. உட்கார்ந்து பிரஷ்ஷால அவங்க சுலோகம் எழுதணும், அப்புறம்தான் தோட்டம். உங்க தேதியில ரெண்டு இடம்தான் இருக்கு. அதோட, சின்னக் குழந்தைகளை உள்ள விடறதில்லையாம்.”

மூன்று பேர், இரண்டு இடம், ஒரு குழந்தை. கணக்குத் தெரிந்தவர் என்றால் ஒரு கணமாவது யோசிப்பார். தம்பி யோசிக்கவில்லை.

“அதுக்கென்ன, அக்கா இருக்காங்க. ரூம்ல குழந்தையப் பாத்துப்பாங்க. நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துடறோம்.”

சொன்னவன் குரலில் கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அது இல்லை. குடையை எடுத்துக்கொள், மழை வரும் என்கிற மாதிரி சொன்னான். தம்பி மனைவி ஒரு தடவை அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாள்.

“நாளைக்குள்ள பேர் சொல்லிடுங்க. தள்ளிப்போட்டா இருக்கற ரெண்டும் போயிடும்” என்றார் ட்ராவல்ஸ்காரர்.

பாசியக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் குழந்தை அவள் மடியில்தான் தூங்கியது. படம் பிடிப்பது எப்படி என்று முன் சீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டே வந்தார்கள். இவள் ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போய், அந்த ஊரிலேயே இருந்துகொண்டு, ஓட்டல் அறையில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டுவது. அவர்கள் திரும்பி வந்து, ‘சூப்பரா இருந்துச்சுக்கா’ என்று போனில் படம் காட்டுவார்கள்.

வீட்டுக்கு வந்து குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு, நேரே பின்பக்கம் போய்க் குழாயடியில் நின்றாள். நின்று என்ன யோசித்தாளோ! தம்பியை ஏசினாளோ, தன்னையே ஏசினாளோ. சற்றுக் கழித்துப் பறபறவென்று ஒரு சத்தம் காதில் விழுந்தது. குனிந்து பார்த்தாள். செங்கல் ஒன்று தள்ளிக் கிடந்தது. அவள் குதிகால் தன் வேலையை முடித்திருந்தது. அத்தனை நாள் பொத்திப் பொத்தி வளர்த்த பாசி முழுக்கப் போய், வெறும் சிமெண்டு பல்லைக் காட்டியது. குதிகாலில் மட்டும் கொஞ்சம் பச்சை ஒட்டியிருந்தது.

பாசியக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். மறைத்து என்ன ஆகப்போகிறது, விசும்பி விசும்பித்தான் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்தாள். கால் கழுவாமலே கூடத்துக்குள் வந்தாள்.

“டேய், அந்த ரெண்டு இடத்துல ஒண்ணு என்னுது.”

தம்பி போனிலிருந்து தலையைத் தூக்கினான். “எந்த எடம்க்கா?”

“பாசித் தோட்டம். ஒண்ணு என் பேருக்கு. மீதி ஒண்ணுக்கு நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கங்க.”

“அப்ப குழந்தைய யாரு…?”

“பெத்தவங்க யாருன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. உனக்கு மறந்துடுச்சா?”

தம்பி போனைக் கீழே வைத்தான். “என்னக்கா இது, எனக்காக எவ்வளவோ பண்ணுன, ஒரு அரை நாள்…” என்று இழுத்தான்.

“அதேதான்டா! எவ்வளவோ பண்ணிட்டேன். இது ஒண்ணப் பண்ண மாட்டேன். உன்னப் படிக்க வெச்சதுக்குக் கணக்குக் கேக்கல. கல்யாணம் பண்ணி வெச்சதுக்குக் கேக்கல. உன் புள்ள எனக்கும் உசுருதான், அத யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனா இந்த ஊரக் கண்டுபிடிச்சவ நான். ஜன்னலுக்கு வெளிய நின்னு பாத்தது நான். அங்கயும் போய் ரூம் ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறதுக்கு நான் வரல. எனக்கு எடம் இல்லன்னா, இந்த நிமிஷமே அந்த ஆளுக்குப் போன் பண்ணி என் டிக்கெட்ட ரத்துப் பண்ணு. நான் அடுத்த வருஷம் தனியாப் போறேன். பாஷை தெரியலன்னா கையக் காட்டிப் போறேன். தொலைஞ்சு போனா அந்த ஊர்க்காரங்க தேடிக் கண்டுபிடிக்கட்டும்!”

உள்ளே குழந்தை ஒரு தடவை புரண்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டது. தம்பி தன் மனைவியைப் பார்த்தான், அவள் ஏதாவது எடுத்துச் சொல்வாள் என்கிற நம்பிக்கையில்.

“அப்ப ரெண்டாவது எடம் எனக்கு” என்றாள் அவள்.

“நீயுமா!”

“நீங்கதானே ‘அதுக்கென்ன’ன்னு சொன்னீங்க, ரூம்ல இருந்து பாத்துக்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்லாத மாதிரி. இருங்க.” பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. “அங்கயே சொல்லியிருக்கணும் அண்ணி. நான் வாயத் தொறக்கல. தப்புதான்.”

“தப்புதான். போனை எடு, பேர் சொல்லு” என்றாள் பாசியக்கா.

பெயர் பதிவாகிவிட்டது. ஆனால் ஒரு பயம் மூன்று பேருக்குமே இருந்தது. தம்பி தன் பெண்ணோடு தனியாக அரை நாள் இருந்ததே கிடையாது. அவன் சட்டை எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது, குழந்தை சட்டையைப் பற்றி என்ன சொல்ல? “என் காலுக்கு ஒத்திகை பாத்த மாதிரி உனக்கும் ஒரு ஒத்திகை வேணும்டா” என்றாள் அக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டைக்கூடச் சமைத்து வைக்காமல், இரண்டு பெண்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எங்கே போவது என்று யோசிக்கவில்லை. பூங்காவுக்குப் போய், மழைக்கு நனைந்த மதில் ஓரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மதிலெல்லாம் பாசி. பாசியக்கா இரண்டு காலையும் பெஞ்சின் மேல் தூக்கி மடித்துக்கொண்டாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

போன் அடித்தது. தம்பி.

“எடுக்கட்டுமா அண்ணி?”

“அடிக்கட்டும்.”

நின்றது. மறுபடி அடித்தது. “ஏதாவது ஆகியிருந்தா?” என்றாள் அவள்.

“ஆயிருந்தா பக்கத்து வீட்டுக்காரங்க கத்தற சத்தம் இங்கயே கேக்கும். நீ இப்படி வா, கிட்ட வந்து பாரு. இலை தெரியுதா? அதுக்கு மேல சின்னதா காம்பு மாதிரி நிக்குது பாரு.”

அவள் முகத்தை மதிலோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். போன் அவள் மடியில் அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் இருவருக்குமே அது காதில் விழவில்லை.

திரும்பி வந்தபோது வீடு போர் நடந்த இடம் மாதிரி இருந்தது. மேசையில் பால், நாற்காலியில் சோறு, தரையில் அவன் ஆபீஸ் காகிதம் கிழிந்து கிடந்தது. குழந்தை சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, “அப்பா ஆனை மாதிரி நடந்தாங்க!” என்று ஓடிவந்தது. அதன் பின்னால் தம்பி வந்தான். தலைமுடி கலைந்து, சட்டைக் காலரில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

“எத்தன தடவ கூப்பிட்டேன்! ஒருத்தியாவது எடுத்தீங்களா?”

அவன் நாற்காலியிலிருந்த சோற்றைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். “அக்கா” என்றான். “உன்ன அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போயி ரூம்ல அடைச்சு வைக்கலாம்னு நெனச்சேனே நான்.” அவன் கண் கலங்கியிருந்தது.

“நெனச்ச. நடக்கல” என்றாள் பாசியக்கா. “எழுந்து மூஞ்சக் கழுவு. பசிக்குது, இன்னிக்கு நீதான் ஏதாவது வாங்கிட்டு வரணும்.”

அவளும் கை கழுவப் பின்பக்கம் போனாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சுரண்டிப்போட்ட சிமெண்டில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, திரும்பவும் லேசாகப் பச்சை ஏறியிருந்தது. உடனே குதிகால் தானாக எழும்பியது.

“வை கீழ” என்றாள்.

கால் இறங்கியது, செங்கல்லுக்கு வெளியே.